லீவுக்கு வேலை வைக்காத வீடு

எங்கள் வீட்டில் எது கெட்டாலும் அது லீவுக்குக் காத்திருக்க வேண்டும். குழாய் ஒழுகினால் அடியில் வாளி வைப்போம். தாழ்ப்பாள் கழன்றால் சணல் கயிற்றால் கட்டுவோம். ஃபேன் கரகரவென்று சத்தம் போட்டால் அதை நிறுத்திவிட்டு அடுத்த அறையில் போய்ப் படுப்போம். என் கணவர் வளைகுடாவில் ஒரு கம்பெனியில் வேன் ஓட்டினார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருவார். இப்படி வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்குப் போகிறவர்களை எங்கள் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் சபுராளி என்போம். போனில் நான் எந்தக் குறையைச் சொன்னாலும் அவரிடமிருந்து ஒரே பதில்தான் வரும்.

"இருக்கட்டும் புள்ள, தொடாத. நான் வந்து பாத்துக்குறேன்."

வந்தால் பார்க்கவும் செய்வார், அதில் குறை சொல்லக் கூடாது. பெட்டியில் வந்த சென்ட் பாட்டிலும் பிஸ்தாவும் சொந்தக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்த மறுநாளே கைலியை மடித்துக் கட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு டூல்ஸ் பெட்டியைத் திறந்துவிடுவார். அடுத்த ஒரு வாரம் வீடு பூராவும் தட்டலும் துளை போடும் சத்தமுமாகக் கிடக்கும். தெருவில் போகிறவர்கள் அதைக் கேட்டே சபுராளி வந்துவிட்டார் என்று தெரிந்துகொள்வார்கள். ஏணி மேல் நின்றுகொண்டு, "இதப் புடி, அத எடு, அது இல்ல புள்ள, அதுக்குப் பக்கத்துல உள்ளது" என்று என்னை வேலை வாங்கும்போது அவர் முகத்தில் ஒரு தெம்பு இருக்கும். எனக்கும் அது பிடிக்கும்.

ஆள் வைத்துச் செய்தால் என்ன என்று சென்னையில் இருக்கும் மகள் கேட்பாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆம்பளை இல்லாத வீட்டுக்குள் ஒரு குழாய்க்காரர் வர வேண்டும் என்றால், அடுத்த தெருவிலிருந்து என் நாத்தனாரைக் கூப்பிட்டுத் துணைக்கு உட்கார வைக்க வேண்டும். நாத்தனாருக்கு ஒழிகிற நேரத்தில் குழாய்க்காரருக்கு ஒழியாது. ஒருநாள் இரண்டு பேருக்கும் ஒழிந்தது. "தோ, அய்யம்பேட்ட தாண்டிட்டேன்க்கா" என்று காலையில் போனில் சொன்ன மனிதர், சாயங்காலம் பாங்கு சொல்லும் வரை வரவில்லை. அய்யம்பேட்டையிலிருந்து எங்கள் ஊருக்கு நடந்தே வந்திருக்கலாம். நாத்தனார் என் வீட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருந்துச்சு மச்சி" என்று அண்ணன் மனைவிக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. போனை எடுத்து, "குழாய் ஒழுகுது, என்ன செய்யறது" என்று அதனிடமே கேட்டேன். வீடியோவாக வந்து கொட்டியது.

முதல் வீடியோக்காரர் "வணக்கம் நண்பர்களே" என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் குழாய்ப் பக்கமே போகவில்லை. லைக் போடுங்க, மணியை அமுக்குங்க, போன வீடியோவைப் பார்த்தீங்களா என்று விருந்து வீட்டு வாசலில் நிற்கிறவர் மாதிரி பேசிக்கொண்டே இருந்தார். "யோவ், கொழாய்க்கு வாய்யா" என்று கத்திவிட்டு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஒருவழியாக ஸ்பேனரை எடுத்தார், ஒரு திருகு திருகினார், கழன்று கையோடு வந்துவிட்டது. எல்லா வீடியோவிலும் அப்படித்தான் கழல்கிறது. என் வீட்டுக் குழாய் உப்புப் பூத்து இறுகிக் கிடந்தது. தேங்காய் எண்ணெய் விட்டு, ஊற வைத்து, முக்கி முனகித் திருகியதில் திடீரென்று கழன்றது. அடுத்த நிமிஷம் மாடித் தொட்டித் தண்ணீர் முழுக்க என் முகத்தில் அடித்தது. வால்வை மூடிவிட்டுத்தான் குழாயைத் தொட வேண்டும் என்பதை அந்த மனிதர் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார். அந்த இடத்தைத்தான் நான் தள்ளிவிட்டிருந்தேன். சேலையைப் பிழிந்துகொண்டு மாடிக்கு ஓடி வால்வை மூடிவிட்டு வந்து வாஷரை மாற்றினேன். ஒழுகல் நின்றது. நனைந்த சேலையோடு அந்தக் குழாய்க்கு முன்னாலேயே கொஞ்ச நேரம் நின்றிருந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

அதற்கப்புறம் என்னைப் பிடிக்க முடியவில்லை. கக்கூஸ் ஃப்ளஷ், சுவிட்ச், மிக்ஸி ஜார் என்று ஒவ்வொன்றாகக் கை வைத்தேன். இந்திக்காரர் போட்ட வீடியோவையும் பார்த்தேன். ஸ்க்ரூவுக்கு என்ன பாஷை, கையைப் பார்த்தால் புரிந்துவிடும். மோட்டார் ஓடாமல் உறுமிக்கொண்டே நின்றபோது அது கண்டென்சர் கோளாறு என்று கண்டுபிடித்து, கும்பகோணத்துக்கு டவுன் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன். கடைக்காரர் பொட்டலத்தைக் கொடுக்காமல், "யாரும்மா மாட்டப் போறது?" என்று கேட்டார். "நான்தான். ஏன், பொட்டலத்துல பேரு எழுதிக் குடுக்கணுமா?" என்றேன். பேசாமல் கொடுத்துவிட்டார். என் வாய் அப்படி. எங்கள் தெருவில் மீன்காரர் என் வீட்டு வாசலில் மட்டும் கேட்பதற்கு முன்னாலேயே எடையைச் சரியாகப் போட்டுவிடுவார்.

நாத்தனார் எனக்கு வீடியோ மேஸ்திரி என்று பெயர் வைத்தாள். "மேஸ்திரி, எங்க வீட்டு கிரைண்டர் சுத்த மாட்டேங்குது, ஒரு நட வந்துட்டுப் போங்க" என்று தெருவில் நின்று கூப்பிடுவாள். கேலிதான். ஆனாலும் கிரைண்டரைச் சரிசெய்துகொண்டு காசு கொடுக்காமல் என்னை அனுப்புவதில் அவள் குறை வைத்ததில்லை.

இதற்கு நடுவில் ஒருநாள் கணவர் போனில், "அந்த கொழாய் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"சரியாயிட்டு மச்சான்." எங்களில் கணவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவோம்.

"ஆளு வந்தாரா?"

"நானே வாஷர் மாத்திட்டேன்."

"அடேங்கப்பா" என்று சிரித்தார். பிறகு, "இருக்கட்டும், நான் வந்து ஒருக்கா பாத்துக்குறேன்" என்றார்.

போன வருஷம் அவருக்குச் சர்க்கரை கூடி, முழங்காலும் படுத்த ஆரம்பித்தது. நாள் பூரா வேன் ஓட்டிவிட்டு வந்து, நாலு பேர் இருக்கும் அறையில் மேல் கட்டிலில் ஏறிப் படுக்க வேண்டும். ஏற முடியவில்லை என்று ஒருநாள் வாய்விட்டுச் சொன்னார். வந்துவிடுங்கள் என்று சொன்னேன். உடனே சரி என்று சொல்லவில்லை.

"இந்தத் தடவ ரெண்டு மாசம் லீவு போட்டு வரேன். இருந்து பாக்குறேன் புள்ள. ஒத்துவந்தா இருந்துடுறேன். ஒத்துவரலன்னா திரும்பிடுறேன். கம்பெனியில எடத்த எனக்குன்னு வச்சிருக்காங்க."

ஒத்துவருவது என்றால் என்ன? சொந்த வீட்டில் இருப்பதற்கு ஒத்திகையா? கேட்கவில்லை. எனக்கு அவர் வேண்டும், அவ்வளவுதான். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். தனியாகச் சோறு வடித்து, தனியாகச் சாப்பிட்டு, தனியாகக் கதவைப் பூட்டி எனக்கு அலுத்துவிட்டது. இந்த இரண்டு மாசத்தில் அவர் தங்கிவிட வேண்டும், திரும்பிப் போகக் கூடாது. தொழுகையில் உட்கார்ந்து துஆ கேட்டாலும் இதைத்தான் கேட்டேன்.

என் புத்திக்கு எட்டியவரை நான் போட்ட திட்டம் இதுதான். உடம்பு அலுத்து வருகிற மனிதரை வந்ததும் ஏணியில் ஏற்றக் கூடாது. வீட்டில் ஒரு குறை அவர் கண்ணில் படக் கூடாது. உட்கார்ந்து சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், வீடு இவ்வளவு சுகமா என்று அவருக்கே தோன்ற வேண்டும். அவர் வருவதற்கு முன் மாசம் பூராவும் போனும் ஸ்க்ரூ டிரைவருமாகவே இருந்தேன். ஃபேன்களைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டேன். மாடிக் கதவு மழைக்கு ஊதி மூட மாட்டேன் என்றது, கீழ்ப் பக்கத்தை இழைத்துவிட்டேன். சிங்க் குழாய், பாத்ரூம் ஹீட்டர், வாசல் லைட்டு என்று ஒன்றையும் விடவில்லை.

ஐப்பசியில் வந்தார். இதற்கு முன்னால் எப்போதும் கோடையில்தான் வருவார். மகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு விடும் நேரம் பார்த்து வந்து பழகிய பழக்கம். அதனால் இத்தனை வருஷமாக அவர் பார்த்த ஊர் எல்லாம் வெடித்த வயலும் மணல் கிடக்கும் ஆறும்தான். காரில் வரும்போது பாபநாசத்தைத் தாண்டியதும் கண்ணாடியை இறக்கிவிட்டு, "என்னா புள்ள, இவ்வளவு தண்ணி கெடக்கு" என்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டு வந்தார். ஒருவாரம் பெய்த மழையில் சம்பா நட்ட வயலெல்லாம் ஏரி மாதிரி கிடந்தது. எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் வாய்க்கால், அதற்கு அந்தப் பக்கம் வயல். வாய்க்கால் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் வழக்கம்போலக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு டூல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். சிங்க் குழாயைத் திறந்து மூடினார். மாடிக் கதவைச் சாத்திப் பார்த்தார், சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

"இத யாரு பண்ணது?"

"நான்தான் மச்சான்."

"ம். நல்லாருக்கு."

ஃபேனைப் போட்டுப் பார்த்தார். ஃப்ளஷை அழுத்திப் பார்த்தார். ஹீட்டரைப் போட்டுவிட்டு விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்தார். எரிந்தது. ஒவ்வொன்றுக்கும் "ம், நல்லாருக்கு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. எவ்வளவு மடச்சி நான். பெட்டியைத் திறக்காமலேயே கட்டிலுக்கு அடியில் திரும்ப வைத்துவிட்டு, கையைக் கழுவினார். அழுக்கே படாத கை.

அப்புறம் அவருக்கு வீட்டில் எங்கே நிற்பது என்றே தெரியவில்லை. முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நான் கூட்டிக்கொண்டு வந்தால் இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொள்வார். அடுப்படி வாசலில் வந்து நின்று, "சீனி எங்க இருக்கு புள்ள?" என்பார். டீ போடப் பால் எடுக்கலாமா என்று கேட்பார். சொந்த வீட்டில் பால் எடுக்கக் கேட்கிற மனிதர். "நான் போட்டுத் தரேன் மச்சான், நீங்க உக்காருங்க" என்பேன். போய் உட்காருவார். தொழுதுவிட்டு வருவார், மறுபடி உட்காருவார். மதியம் கறியைத் தட்டில் தள்ளித் தள்ளி வைத்தாலும் பாதியில் எழுந்துவிடுவார்.

ஒருநாள் துணி காயப்போட மாடிக்கு ஏறியபோது அவர் குரல் கேட்டது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அங்கே கூட இருக்கும் நண்பரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"வந்துடுறேன் பாய். எடத்த வேற யாருக்கும் குடுத்துட வேணாம்னு சொல்லி வைங்க. இங்க எனக்கு என்ன வேல இருக்கு?"

ஈரத்துணி வாளியோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து, என்ன மச்சான் பேசறீங்க என்று உலுக்கியிருக்கலாம். அப்படித்தான் தோன்றியது. செய்யவில்லை. இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். லீவில் வந்த ஆம்பளையை எங்கள் ஊரில் ஏச மாட்டார்கள். கல்யாணமான புதிதிலேயே மூத்த பெண்கள் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். இருக்கப்போவது கொஞ்ச நாள், அதிலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அனுப்பாதே, அங்கே போய் நினைத்து நினைத்து மருகுவார் என்பார்கள். அதனால் சபுராளி வீட்டுப் பெண்களுக்கு இரண்டு வாய். ஊருக்கு ஒன்று, லீவுக்கு ஒன்று. ஊருக்கு உள்ள வாயால் மீன்காரரையும் கேஸ்காரரையும் நாத்தனாரையும் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். அவர் வந்து இறங்கியதும் "சரிங்க மச்சான், ஆகட்டும் மச்சான்" என்று அடங்கிவிடுவேன். கோபம் வந்தால் கொல்லைப் பக்கம் போய் நின்றுவிட்டு வருவேன். அன்றைக்கும் துணியைக் காயப்போட்டுவிட்டுக் கீழே வந்து, "மதியத்துக்கு எறா வாங்கவா மச்சான்?" என்று கேட்டேன்.

அந்த வாரக் கடைசியில் மோட்டார் ஏற்றிய தண்ணீர் கலங்கலாக வந்தது. கொல்லையில் தரைக்குக் கீழே ஒரு சம்ப் தொட்டி இருக்கிறது. ஊராட்சித் தண்ணீர் அதில் விழும், அங்கிருந்து மோட்டார் போட்டு மாடிக்கு ஏற்றுவோம். ஒரு கோடை லீவில் அவரே நின்று கட்டியது. மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தவர், "ஏ புள்ள, இங்க வா! பூச்சு வுட்டுப்போயி செவுத்துல வெடிப்பு கெடக்கு" என்று கூப்பிட்டார். அந்தக் குரலில் அவ்வளவு உற்சாகம். வந்ததிலிருந்து அப்போதுதான் அவர் முழுக்குரலில் பேசிக் கேட்டேன்.

வெடிப்பு எனக்குத் தெரியும். அதற்கான வீடியோவும் தெரியும். அதைத்தான் தொடாமல் வைத்திருந்தேன். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் எங்கள் கொல்லையில் இரண்டடி தோண்டினாலே ஊறும். மண்ணுக்குள் இருக்கிற அந்தத் தண்ணீர் தொட்டியைக் கீழிருந்து நெட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே தண்ணீர் நிறைந்திருந்தால் அந்தக் கனம் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். காலி செய்தால் தொலைந்தது. பக்கத்துத் தெருவில் ஒருவர் மழைக்காலத்தில் செப்டிக் டேங்க்கைக் காலி செய்யப்போய் அது ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டதை நானே போய்ப் பார்த்திருக்கிறேன். சித்திரையில் நிலம் வறண்டபிறகு செய்யலாம் என்று விட்டிருந்தேன். சின்ன வயசிலேயே வெளிநாடு போய், கோடையில் மட்டுமே வந்துபோன அவருக்கு இது எதுவும் தெரியாது.

அவர் போனைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்கு வீடியோ காட்டினார். செம்மண் காட்டுக்கு நடுவில் ஒரு வீடு. சுற்றிலும் பொட்டல். வீடியோக்காரர் தொட்டியை முழுசாகக் காலி செய்து, இரண்டு நாள் நன்றாகக் காயவிட்டு, பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதுசாகப் பூசச் சொன்னார். நான் ஏற்கெனவே பார்த்த அதே வீடியோ.

"இப்ப வேணாமே மச்சான். வெயில் காலத்துல பாத்துக்கலாம்" என்றேன்.

"வெயில் காலத்துல நான் இங்க இருப்பேனோ என்னமோ" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

தண்ணீர்ச் சங்கதியைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொன்னால் இதுவும் உனக்குத் தெரியுமா என்று ஒரு "ம்" போட்டுவிட்டுப் பெட்டியைத் திரும்பக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவார். போய் நாற்காலியில் உட்காருவார். அடுத்த வாரம் டிக்கெட்டைப் பற்றிப் பேசுவார். தொட்டி போனால் போகிறது, மனிதர் இருக்கட்டும் என்று நினைத்தேன். "சரிங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு, குடத்திலும் டிரம்மிலும் தண்ணீர் பிடித்து வைக்கப் போனேன்.

மோட்டார் போட்டு இறைத்தார். மிச்சத்தை வாளியால் மொண்டு ஊற்றினார். நான் மேலே நின்று வாளியை வாங்கினேன். "பாத்து, பாத்து, கால வழுக்கும்" என்று தொட்டிக்குள்ளேயிருந்து என்னிடம் சொன்னார். சேறும் சகதியுமாக மேலே ஏறி வந்து, குளித்துவிட்டு, மதியம் இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. நல்ல வெயில் வேறு அடித்தது. "பாத்தியா, ரெண்டு நாள்ல காஞ்சிடும்" என்றார்.

மறுநாள் காலையில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். கொல்லையில் தேங்காய் விழுந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மிக்ஸியை நிறுத்தினேன். எங்கள் கொல்லையில் தென்னை கிடையாது. இரண்டு பேரும் ஓடினோம். அவர் மூடியைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தார். தொட்டித் தரை நடுவில் பூரி மாதிரி உப்பிக்கொண்டு, குறுக்கே பிளந்து கிடந்தது. பிளவு வழியே கலங்கல் தண்ணீர் குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது.

"எங்கேர்ந்து வருது இது?" என்று இறங்கிவிட்டார். கணுக்கால் தண்ணீரில் நின்று கையால் அந்தப் பிளவை அடைக்கப் பார்த்தார். கை எடுத்தால் வந்தது, கை வைத்தாலும் விரல் சந்து வழியே வந்தது. கொஞ்ச நேரத்தில் கையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். மேலே ஏறி வந்து, கொல்லைச் சுவரண்டை போய் எக்கி அந்தப் பக்கம் பார்த்தார். வாய்க்கால், வயல், எல்லாம் தண்ணீர். ரொம்ப நேரம் பார்த்தார். திரும்பி வந்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்துகொண்டார்.

"ஒனக்கு இது தெரியுமா புள்ள?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"வெயில் காலத்துல பாக்கலாம்னு சொன்னேனே."

"சொன்ன. நீ சொல்ற மாதிரியா சொன்ன? மீன்காரர ஏசுற. கேஸ்காரர ஏசுற. என் தங்கச்சிய அந்தத் தெருவுக்கே கேக்குற மாதிரி ஏசுற. எனக்கு மட்டும் சரிங்க மச்சான், ஆகட்டும் மச்சான். வந்த நாள்லேர்ந்து பாத்துக்கிட்டு இருக்கேன். விருந்தாளிக்கிட்டதான் இப்படிப் பேசுவாங்க." சேற்றுக் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நான் விருந்தாளியா புள்ள?"

எனக்கு எங்கேயிருந்து வந்தது என்று தெரியவில்லை. கையிலிருந்த கரண்டியைத் தரையில் அடித்தேன்.

"அறிவு இருக்கா மச்சான் ஒங்களுக்கு? ஆத்துல தண்ணி ஓடுது, வாய்க்கா தளும்புது, கொல்லையில குச்சிய குத்துனா தண்ணி பீச்சுது. இதுல போயி தொட்டிய காலி பண்ணிக் காயப் போடுவாராம்! யாரோ பொட்டக்காட்டுல நின்னுக்கிட்டு சொல்றத கேப்பீங்க. இங்கயே கெடக்குறவ வேணாம்னா, நான் இருப்பேனோ என்னமோன்னு நெஞ்சுல குத்துவீங்க. என்ன பேச்சு அது? அதச் சொல்லத்தான் ஏரோப்ளேன் ஏறி வந்தீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். நான் விடவில்லை.

"பேசாதீங்க. மாடியில நின்னு அந்த பாய்க்கிட்ட என்ன சொன்னீங்க? இங்க எனக்கு என்ன வேலையா? கொழாய் மாட்டத்தான் ஒங்களக் கட்டிக்கிட்டேனா நான்? ஆபரேஷனுக்கு என்னைய உள்ள தள்ளிக்கிட்டுப் போனப்ப வெளியில ஒங்க தங்கச்சி நின்னா. மவ பேறுகாலத்துக்கு நான் ஒருத்தியா நின்னேன். பெருநா அன்னிக்கு ஒத்தத் தட்டுல பிரியாணி வச்சிக்கிட்டு ஒங்க மூஞ்சிய போன்ல பாத்தேன். அப்பல்லாம் ஒரு வார்த்த ஒங்கள ஏசியிருப்பேனா? ஏசுனா மனசு கஷ்டப்படுவாருன்னு வாய மூடிக்கிட்டு வாஷர் மாத்திக்கிட்டு கெடந்தேன். வீட்டுல ஒரு கொற இல்லாம வச்சா மனுசன் தங்கிடுவாருன்னு பாத்தா, வேல இல்லன்னு கெளம்புறாராம் வேல! எனக்கு நீங்க வேணும் மச்சான். சும்மா உக்காந்திருந்தாலும் வேணும். மொதல்ல எந்திரிங்க. ஊராட்சி கொழாயத் தொறந்து தொட்டிய ரொப்புங்க. இல்லன்னா செவுரும் சேந்து வந்துடும். ரொப்பிட்டு அந்தக் கலங்கத் தண்ணிய குடிக்கப் புடிச்சிடாதீங்க, அதையும் நான்தான் சொல்லணும்!"

மூச்சு வாங்கியது. பக்கத்து வீட்டுக் கொல்லையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோயிருந்தது. கண்ணைத் துடைக்கச் சேலை முந்தானையை எடுத்தால் அது முழுக்கச் சட்னி.

அவர் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தொட்டிக்குள் தண்ணீர் விழ ஆரம்பித்தது. திரும்பி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு என்னை அண்ணாந்து பார்த்தார்.

"முடிஞ்சுதா?"

"இல்ல. இன்னும் இருக்கு."

"எவ்வளவு இருக்கு?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இருக்கு."

"அப்ப ரெண்டு மாசம் பத்தாது புள்ள" என்றார்.